பிள்ளையாருக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு சிவப்பு வண்டி

மயிலாப்பூர்
12 ஜூன் 2024

ராகவா,

இனிமேல் உன்னோடு ஃபோனில் பேசுவதாக இல்லை. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே, யோசித்துத்தான் சொல்கிறேன். நான் பேச ஆரம்பித்தால் நீ என்னை ம்யூட்டில் போட்டுவிட்டு உன் ஆபீஸ் ஆட்களிடம் பேசப் போய்விடுகிறாய். நான் பாட்டுக்கு அப்பாவின் மலச்சிக்கலைப் பற்றிச் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கம் அப்பா கட்டிலிலிருந்து, "ஸ்பீக்கர்ல போடுடி, அவன் என்ன சொல்றான்?" என்று கத்துகிறார். அதனால் இனி காகிதம். கச்சேரி ரோட்டில் கூரியர்க் கடை இருக்கிறது. காகிதத்தை ம்யூட்டில் போட முடியாது. அப்பாவுக்கு அவசரம் என்றால் நானே கூப்பிடுவேன், பயப்படாதே.

பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன் என்றதும் அன்றைக்கு, "உனக்கென்ன பைத்தியமா அக்கா" என்று கேட்டாய். இப்போது பதில் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள்.

நான் ஜி.பி. ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இதே மாதிரி வண்டி ஒன்று வைப்பர் பிளேடு வாங்க வந்தது. கோவாவில் செய்தது. கூரை கிடையாது. இரண்டே சீட்டு. தெருவே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. ஓட்டி வந்தவள் ஒரு பெண், என்னைவிடச் சின்னவள். வைப்பர் வாங்கிக்கொண்டு, ஒருத்தரையும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். எனக்கும் ஒன்று வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது. வாங்குவதற்குத்தான் இவ்வளவு காலம் ஆகிவிட்டது.

இது அபிராமபுரத்தில் ஒரு ஃபிளாட்டின் பார்க்கிங்கில் தூசியில் கிடந்தது. சிவப்பு. துணிக்கூரையில் எலி தின்றது போக மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. சொந்தக்காரர் பிள்ளையோடு அமெரிக்கா போகிறார், இடத்தைக் காலி பண்ணினால் போதும் என்று கிட்டத்தட்டச் சும்மா கொடுத்துவிட்டார். ஓடாது. பக்கத்து வீட்டை இடித்து ஃபிளாட் கட்டுகிறார்களே, நடுச்சுவரையும் சேர்த்து இடித்திருக்கிறார்கள். அந்த வழியாகவே தள்ளிக்கொண்டு வந்து, நம் கொல்லையில் அப்பாவின் பழைய ஃபியட் நின்ற ஷெட்டில் விட்டாயிற்று. அந்த சைட்டின் இன்ஜினியர் செம்பியன் நல்ல பிள்ளை, அவனே ஆள் வைத்துத் தள்ளிக் கொடுத்தான்.

மணி அடிக்கிறது. வருகிறேன்.

வந்துவிட்டேன். ஃபேனை மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைக்க வேண்டுமாம். பூஜை மணியை அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டதிலிருந்து, பெருமாளுக்கு நான் வாயால்தான் டிங் டிங் சொல்கிறேன்.

வைதேகி

*

பெருங்குடி
20 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

பேனா பிடித்து எழுதி எவ்வளவோ நாளாகிவிட்டது, கை வலிக்கிறது. ம்யூட் விஷயம் உண்மைதான். மன்னித்துக்கொள்.

ஆனால் நீயும் கொஞ்சம் யோசி. அப்பாவுக்கு எண்பத்து நாலு வயது. இடுப்பு உடைந்து ஆறு வருஷமாகப் படுக்கையும் வாக்கருமாக இருக்கிறார். அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஒரு வண்டி வேண்டும் என்று சொல்லியிருந்தால் நானே வாங்கித் தந்திருப்பேன். நீ வாங்கியிருப்பது இரண்டு சீட்டு வண்டி. அப்பாவை அதில் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. அவரை வீட்டில் வைத்துக்கொண்டு நீ எங்கே போகப் போகிறாய்?

ஸ்நேஹா ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு, "உங்க அக்காவுக்கு இது நன்னா பொருத்தமா இருக்கும்" என்றாள். என் பெண்டாட்டிக்கு என்ன, அவள் எதையும் சொல்லுவாள்.

கோபப்படாதே.

ராகவேந்திரன்

*

மயிலாப்பூர்
4 ஆகஸ்ட் 2024

ராகவா,

எங்கே போகப் போகிறாய் என்று கேட்டாயே, அந்தக் கேள்வியைத் தினமும் பாத்திரம் தேய்க்கும்போது நினைத்துக்கொள்கிறேன். தெரியவில்லை. கடைசியாக நான் அடையாறு பாலத்தைத் தாண்டியது உன் பெண்ணின் பிறந்தநாளுக்கு. அன்றைக்கும் கேக் வெட்டுவதற்குள் அப்பா நாலு தடவை ஃபோன் பண்ணி என்னைத் திருப்பி வரவழைத்துவிட்டார். நீயே ஆட்டோ பிடித்துக் கொடுத்தாய். ஞாபகம் இருக்கிறதா?

வண்டி விஷயம் கேள். மெக்கானிக் ஹபீபுர் ரஹ்மான் கடைக்காலத்திலிருந்தே தெரிந்தவர். வந்து பார்த்துவிட்டு, "இஞ்சின் நல்லாத்தான் கீது மேடம், சும்மா தூங்கிக்கினு கீது" என்றார். பெட்ரோல் டேங்க் முழுக்கத் துரு. வயரை எல்லாம் எலி கடித்திருக்கிறது. கிளட்ச் பிளேட்டைக் கழற்றிப் பார்த்தால் அப்பளம். அதெல்லாம் ஆகிவிட்டது. உடம்புதான் பிரச்சனை. டிங்கரிங் ஆளைக் கூட்டி வந்தேன். அவர் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது தகரமே இல்ல, நான் எதைத் தட்றது?" என்று போய்விட்டார். ஃபைபர். கடைசியில் ஹபீப் பாய்தான் பட்டினப்பாக்கம் கடற்கரையிலிருந்து அறிவு என்பவரை அழைத்து வந்தார். மீன்பிடிப் படகுக்கு ஃபைபர் ஒட்டுகிறவர். சுற்றிச் சுற்றி வந்தார். "இதுவும் போட்டுதான் மேடம். ஓட்டை எங்க கீதுன்னு காட்டு, அடச்சிடலாம். தண்ணியிலகூட வுடலாம்" என்றார். இப்போது கொல்லை முழுக்க ஃபைபர் ஒட்டுகிற ரெசின் வாடை. அப்பா, "ஆத்துல என்னடி மீன்பிடித் துறைமுகம் மாதிரி நாத்தம்?" என்கிறார். அவருக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

பக்கத்து ஃபிளாட் முடிந்துவிட்டது. சுவர்தான் பாக்கி. அந்தச் சந்தில் நாய் வருகிறது, கொத்து வேலைக்காரர்கள் அப்பாவின் ஜன்னலை எட்டிப் பார்க்கிறார்கள் என்று அவர் ஒரே ரகளை. நான் தினமும் போய் செம்பியனை நச்சரித்தேன். இந்த வாரம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் கொத்தனார்களுக்கு நானே காபி போட்டுக் கொடுக்கிறேன். நல்ல நேரான சுவர், ராகவா. பார்க்கவே திருப்தியாக இருக்கிறது.

மணி.

தலையணை உறை சுருங்கியிருந்ததாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். மார்கழியில் வண்டி தயாராகிவிடும். ஒரு பத்து நாள் நீ வந்து அப்பாவோடு இருக்க வேண்டும். நான் போய்விட்டு வருகிறேன். எங்கே என்று மறுபடி கேட்காதே.

வைதேகி

*

பெருங்குடி
22 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

டிசம்பரில் எங்களுக்கு ஒரு பெரிய சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கிறது. ஜனவரியில் அப்ரைசல். பிப்ரவரியில் பார்க்கலாமா?

இதைப் படிக்கும்போது உன் மூஞ்சி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே வந்தால் உனக்கு உதவியா என்ன? போன தீபாவளிக்கு வந்தபோது அப்பாவுக்கு நான்தான் காபி ஆற்றிக் கொடுத்தேன். நீ என் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கி, "அவருக்கு இவ்வளவு சூடு ஆகாது" என்று மறுபடி ஆற்றினாய். நான் கட்டிவிட்ட வேஷ்டியை அவிழ்த்து மறுபடி கட்டினாய். அந்த வீட்டில் எனக்கு உட்கார இடம் உண்டு, வேலை கிடையாது. பத்து நாள் என்னிடம் விட்டுப் போகிறேன் என்கிறாய். முதலில் பத்து நிமிஷம் விட்டுப் பார்.

ராகவேந்திரன்

*

மயிலாப்பூர்
12 செப்டம்பர் 2024

ராகவா,

டம்ளர் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். இப்போது தலையில் இடி விழுந்திருக்கிறது.

நேற்று இஞ்சின் ஓடியது. ஹபீப் பாய் சாவியை என் கையில் கொடுத்து, "நீயே போடு மேடம்" என்றார். இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. அப்பா உள்ளே மணியை அடி அடி என்று அடித்தார், எனக்குக் காதிலேயே விழவில்லை. அறிவு விசில் அடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

"வெளியே எடுத்து ஒரு ரவுண்டு போலாமா" என்றார் பாய். போகலாமே என்றேன். அப்பாவின் ஃபியட்டை ஓட்டிய பழக்கத்தில் முதல் கியர் போட்டேன். அப்புறம் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

எந்த வழியாக?

வந்த வழியில் சுவர். நான் காபி கொடுத்துக் கட்டவைத்த சுவர். இன்னொரு வழி, அப்பாவின் ஃபியட் போய்வந்த பக்கவாட்டு நடை. ஆனால் அதில்தான் அப்பா இடுப்பு உடைந்து வந்த வருஷம் அவர் அறையோடு ஒட்டி வெஸ்டர்ன் பாத்ரூம் கட்டினேனே, அது நடைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பாய் கையாலேயே அளந்து பார்த்தார். ஒரு சாண் இடிக்கிறது. ஒரே ஒரு சாண். இத்தனை மாதம் அந்த நடை வழியாகத்தான் நான் பெட்ரோல் கேனும் டயரும் தூக்கிக்கொண்டு போய்வந்திருக்கிறேன். ஒரு நாள்கூட எனக்கு உறைக்கவில்லை. எனக்கு மட்டுமா? பாய்க்கும் உறைக்கவில்லை, அறிவுக்கும் உறைக்கவில்லை. மூன்று பேரும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

செம்பியனிடம் ஓடினேன். "சுவரைக் கொஞ்சம் உடைச்சுக் கொடுப்பா, நானே திருப்பிக் கட்டித் தரேன்" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். "ஒடச்சிடலாம் மேடம். ஆனா சாமி இருக்காரே." விநாயக சதுர்த்திக்கு ஃபிளாட்காரர்கள் அந்தச் சுவரை ஒட்டிக் குட்டியாகக் கோயில் கட்டிப் பிள்ளையாரைப் பிரதிஷ்டை பண்ணிவிட்டார்கள். எனக்குத் தெரியாமல் இல்லை. வாசல் கோலம் நான் போட்டது. கொழுக்கட்டை நான் செய்தது. இருபத்தோரு கொழுக்கட்டையையும் தாம்பாளத்தில் வைத்து எடுத்துப் போய், என் வண்டிக்கு வழியை அடைத்துவிட்டு வந்திருக்கிறேன். அசோசியேஷன்காரர், "மாமி, பிரதிஷ்டை ஆன சாமியை எப்படி நகர்த்தறது, நீங்களே சொல்லுங்கோ" என்கிறார். நான் என்ன சொல்ல?

ஒரு பக்கம் பிள்ளையார், ஒரு பக்கம் அப்பா. நடுவில் நான் சாவியை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

மணி அடிக்கிறது. அடிக்கட்டும்.

இல்லை, போகிறேன்.

வைதேகி

*

பெருங்குடி
18 செப்டம்பர் 2024

அக்கா,

கூரியர் ஆபீசுக்கு வந்தது. மீட்டிங்கில் மேஜைக்குக் கீழே வைத்துப் படித்தேன். கொழுக்கட்டை இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் ஸ்நேஹாவிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "பாவம்" என்றாள்.

பேசாமல் விற்றுவிடேன். கழற்றி எடுத்துப் போகிறவர்கள் இருப்பார்கள். நீ ஆசைக்கு ஓட்டிப் பார்த்தாயிற்று, அதாவது ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாயிற்று. போதாதா?

ராகவேந்திரன்

*

மயிலாப்பூர்
6 அக்டோபர் 2024

போதாது.

நீ சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. நானும் அன்றைக்கு ராத்திரி சாதம் வடிக்கும்போது சிரித்தேன். ஆனால் "போதாதா" என்று கேட்டாயே, அதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள். ஆறு வருஷமாக இந்த வீட்டில் எனக்குப் போதும் போதும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர், "வீட்டிலேயே வாக்கிங் போங்க, போதும்" என்கிறார். அப்பா, "சபா கச்சேரி எல்லாம் ஃபோன்லயே வருதே, போறாதா" என்கிறார்.

இப்போது தினமும் சாயங்காலம் ஷெட்டுக்குப் போய் வண்டியில் உட்கார்கிறேன். பேட்டரி இறங்காமல் இருக்கக் கொஞ்ச நேரம் இஞ்சினைப் போட்டு வைக்கிறேன். எதிரில் ஷெட் சுவர், பல்லி ஒன்று. அப்பா உள்ளிருந்து, "எங்கடி போயிண்டிருக்கே?" என்று கத்துகிறார். "திருவான்மியூர் தாண்டியாச்சுப்பா" என்கிறேன். முதல் நாள் வேடிக்கையாகத்தான் சொன்னேன். இப்போதெல்லாம் அப்படிச் சொல்லிவிட்டு இஞ்சினை அணைக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நேராகக் கேட்கிறேன், ராகவா. இந்த வண்டி வெளியே போக ஒரே வழி, அப்பாவின் பாத்ரூமை இடிப்பது. இடித்தால் திருப்பிக் கட்டும்வரை அவர் இங்கே இருக்க முடியாது. கொல்லைப்புறத்துக் கக்கூஸ் இரண்டு படி கீழே, உட்கார்ந்து எழுந்திருக்கிற மாதிரி. அவரால் ஆகாது. பெட்பேன் என்று சொன்ன நர்ஸ் அன்றைக்கே அழுதுகொண்டு போனாள். உன் ஃபிளாட்டில் எல்லா வசதியும் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது. அவரைக் கொஞ்ச நாள் அழைத்துப் போ.

கெஞ்ச எனக்குத் தெரியாது. இது கெஞ்சல்தான் என்று வைத்துக்கொள்.

வைதேகி

*

பெருங்குடி
10 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்கு ஆபீஸ் காரணமில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை, ஸ்நேஹாவிடம்கூட. ஆபரேஷன் முடிந்து அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் நீ குளித்துவிட்டு வரப் போயிருந்தாய். நான்தான் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கினேன். கை நழுவிவிட்டது. விழவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ், வார்ட்பாய், பக்கத்துப் படுக்கைக்காரர் எல்லாரும் இருக்கும்போது, "வைதேகியைக் கூப்பிடு. இவனால ஆகாது" என்றார். எனக்கு நாற்பது வயது அப்போது. என் கீழே எழுபது பேர் வேலை பார்க்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவரைத் தூக்க வேண்டியிருந்தால் தள்ளி நின்று உன்னைத்தான் கூப்பிடுகிறேன். நீ டம்ளரைப் பிடுங்கியபோது கோபம் வந்தது நிஜம். பிடுங்கிக்கொண்டாளே, தப்பித்தோம் என்று நினைத்ததும் நிஜம்.

என் வீட்டில், என்னிடம் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நீ என்னை ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டாய்.

ஆள் வைத்துக்கொள், பணம் தருகிறேன். ஆனால் அழைத்துப் போகச் சொல்லாதே.

ராகவன்

*

மயிலாப்பூர்
2 டிசம்பர் 2024

ராகவா,

படித்தேன். உன் மேல் கோபமில்லை. நீ அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறாய், நான் இங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன். கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வருகிறார். இதே மாதிரி வண்டி அவரிடம் ஒன்று ஓடுகிறதாம். அதற்குப் பார்ட்ஸ் வேண்டுமாம். ஷெட்டிலேயே கழற்றி, நடை வழியாகத் துண்டு துண்டாகக் கொண்டு போய்விடுவார். ஹபீப் பாயிடம் சொன்னேன். அவர் ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அறிவு மட்டும், "இன்னா மேடம், கரையேத்துன போட்டை விறகாக்குறியே" என்றார்.

சனிக்கிழமை காலையில் வருகிறார்.

மணி.

வைதேகி

*

பெருங்குடி
5 டிசம்பர் 2024

அக்கா,

நீ ஃபோனை எடுக்கமாட்டாய் என்பதால் இதை ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விற்காதே, என் பயத்துக்காக நீ அதைத் துண்டு துண்டாக்க வேண்டாம். அந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. பொங்கல் முடிந்த வாரம் வந்து அப்பாவை அழைத்துப் போகிறேன். ரிலீஸ் எப்படியோ போகட்டும். ஸ்நேஹா பாத்ரூமில் கைப்பிடி போட ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே கூப்பிட்டிருக்கிறாள்.

ஒரே ஒரு நிபந்தனை. காபி எவ்வளவு சூடாக இருக்கவேண்டும் என்று எழுதி அனுப்பு. அப்புறம் ஃபோன் பண்ணி, "கொடுத்தாயா, குடித்தாரா" என்று கேட்காதே.

ராகவன்

*

மயிலாப்பூர்
22 ஜனவரி 2025

ராகவா,

நீ அழைத்துப் போன அன்றைக்கு நான் உங்களை வழியனுப்ப வாசலில் நிற்கவில்லை. நின்றிருந்தால் காரின் கதவைத் திறந்து, அவரை இறக்கி, மறுபடி உள்ளே கொண்டு போயிருப்பேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். "பாத்ரூம் ரிப்பேர்" என்று சொன்னதற்கு அப்பா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, கவனித்தாயா? மணியை மட்டும் மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டார்.

செம்பியன் இரண்டு ஆளோடு வந்து பாத்ரூமை இடித்துவிட்டான். அவ்வளவு சிரமப்பட்டுக் கட்டியது, அரை நாளில் கல்லும் மண்ணும். பாய் நடையில் முன்னால் நின்று "வா, வா, வா" என்று கையசைக்க, கண்ணாடியை மடக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்தேன். நம் தெருவில் இஸ்திரி போடுகிறவர் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டுப் பார்த்தார். யாருடைய சட்டையோ போயிற்று.

ஓட்டினேன், ராகவா. லஸ், மந்தைவெளி, அடையாறு பாலம். கூரையில்லாத வண்டியில் பாலத்தின் மேல் ஆற்று நாற்றம் நேராக முகத்தில் அடித்தது. அதுகூட நன்றாக இருந்தது. திருவான்மியூரில் நேராகப் போனால் மகாபலிபுரம். அங்கேதான் போவதாக இருந்தேன். கை எப்படி வலது பக்கம் ஒடித்தது என்று தெரியவில்லை. ஓ.எம்.ஆர். வந்து, உன் ஃபிளாட் வாசலில் எதிர்ப்பக்கம் நிறுத்தினேன். மூன்றாவது மாடி பால்கனியில் அப்பா வீல்சேரில் உட்கார்ந்திருந்தார். நீ தரையில் உட்கார்ந்து அவர் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாய். அவர் வாய் ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், திட்டுதான். நீ நிறுத்தாமல் வெட்டிக்கொண்டிருந்தாய்.

மேலே வரவில்லை. வந்திருந்தால் நகவெட்டியை உன் கையிலிருந்து வாங்கியிருப்பேன். திரும்பி வந்துவிட்டேன்.

அவ்வளவுதான் என் பயணம். மயிலாப்பூரிலிருந்து பெருங்குடி. செங்கல் வந்து இறங்கியிருக்கிறது. திங்கட்கிழமை பாத்ரூம் வேலையை ஆரம்பிக்கச் சொல்லப் போகிறேன். சீக்கிரம் முடித்துவிடுவான், அப்பாவை அழைத்து வந்துவிடு. வண்டியை வாசலிலேயே போட்டுக்கொள்கிறேன், உள்ளே விடமாட்டேன். அது போதும்.

பார், எனக்கே அந்த வார்த்தை வந்துவிட்டது.

வைதேகி

*

பெருங்குடி
24 ஜனவரி 2025

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நீ வந்தது எங்களுக்குத் தெரியும். அதை உடனே எழுதாமல் விட்டது தப்பு. எழுதியிருந்தால் செங்கல் வந்திருக்காது.

அன்றைக்கு அப்பா திட்டிக்கொண்டுதான் இருந்தார். "நகம் வெட்றயா, விரலை வெட்றயா" என்றார். திடீரென்று நிறுத்திவிட்டார். "வைதேகி வந்திருக்கா" என்றார். நான் இல்லை என்றேன். "அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? மாசக்கணக்கா என் தலைமாட்டுல உறுமிண்டிருந்ததே" என்றார். எட்டிப் பார்த்தேன். சிவப்பு வண்டி. நீ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கிளம்பப் போகிறவள் மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். முழுக்கத் தலை கலைந்து, யாரோ மாதிரி இருந்தாய்.

கத்திக் கூப்பிட வாயைத் திறந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் இவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"கூப்பிடாதே" என்றார். "கூப்பிட்டா வந்துடுவா."

மணி அடிக்கிறது, இரு.

வந்துவிட்டேன். ஃபேன், மூன்றிலிருந்து இரண்டு.

நீ போன பிறகுதான் என் கையை விட்டார். அப்புறம் இன்னொரு காலை நீட்டி, "ம், இதையும் வெட்டு" என்றார். "இவனால ஆகாது" என்று அவர் சொல்லவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

பாத்ரூமை எப்போது கட்டுவது என்று நீ சொல். நாங்கள் கேட்கமாட்டோம்.

ராகவன்

*

மரக்காணம்
1 பிப்ரவரி 2025

ராகவா,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். அந்த இரண்டு வரியைப் படித்தவுடன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இஸ்திரிக்காரர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார், யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். ஆறு வருஷமாக அவர் கூப்பிட்டார், நான் வந்தேன். கூப்பிட்டால் வந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அழுது தீர்த்தேன். அப்புறம் செம்பியனைக் கூப்பிட்டு, செங்கலின் மேல் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னேன்.

திருவான்மியூரில் இந்தத் தடவை கையை ஒடிக்கவில்லை.

வண்டி இங்கே நின்றுவிட்டது. உப்பளம் பார்த்துக்கொண்டே வந்தேனா, ஹீட் முள் சிவப்புக்குப் போனதைக் கவனிக்கவில்லை. பானெட்டைத் திறந்தால் ஒரே ஆவி. ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்திருக்கிறது. ஹபீப் பாயிடம் ஃபோனில் சொன்னேன். அவர் பதறிவிட்டார். "ஹோஸை பஸ்ல போட்டு வுடறேன் மேடம், ஆனா நாளைக்கோ நாளன்னிக்கோ ஆயிடும், நீ தனியா இன்னா பண்ணுவே?" என்றார். "அவசரமில்லை பாய்" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்த வார்த்தையை நான் கடைசியாக எப்போது சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

ஒரு டீக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். கடைக்கார அம்மா, "வண்டி மாட்டிக்கிச்சா?" என்று கேட்டாள். வண்டிதான் மாட்டிக்கொண்டது என்றேன். அவளுக்கு ஏன் நான் சிரிக்கிறேன் என்று புரியவில்லை. அவள் அக்கா வீட்டில் ஓர் அறை இருக்கிறதாம், தங்கிக்கொள்ளலாம்.

அப்பாவின் காபி சூட்டைப் பற்றி நான் எழுதி அனுப்பவே இல்லை, நீயும் கேட்கவில்லை. நீ கொடுக்கிற சூட்டில் அவர் குடிக்கிறார் என்றால் அதுதான் சரியான சூடு. பாத்ரூமைப் பற்றி இப்போது யோசிக்கவில்லை. எப்போது வருவேன் என்று அவர் கேட்டால், இன்னும் தெரியவில்லை என்று சொல். கேட்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

உச்சிவெயில் ஏறும்போது எழுத உட்கார்ந்தேன். இப்போது உப்புப் பாத்திகளில் நிழல் நீளமாகிவிட்டது. இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கும்வரை நான் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.

வைதேகி